எண்ணெய்ப் பிசுக்கு நீக்கம்: சிறு பட்டறைகளில் கரைப்பானும் கழுவும் முறையும்

லூதியானாவின் சைக்கிள் உறுப்புகளும், ராஜ்கோட்டின் டீசல் எஞ்சின்களும், ஜாம்நகரின் பித்தளை உறுப்புகளும், ஜலந்தரின் கைக்கருவிகளும் விற்பனைக்கு வருமுன் ஒரு முறையேனும் எண்ணெய்ப் பிசுக்கு நீங்கக் கழுவப்பட்டாக வேண்டும். கடைசல் இயந்திரத்தில் ஊற்றிய வெட்டு எண்ணெய், தகடு அழுத்தும்போது தடவிய மசகு, துருவைத் தடுக்கப் பூசிய கிரீஸ், மெருகேற்றும் சக்கரத்திலிருந்து ஒட்டிய மெழுகு ஆகியன நீங்காதவரை முலாம் பிடிக்காது, வண்ணம் ஒட்டாது, அளவுக் கருவியும் சரியான அளவைக் காட்டாது. நாடெங்கும் பரவியுள்ள வாகனப் பழுதுபார்க்கும் பட்டறைகளிலோ எந்த உறுப்பையும் கழுவிய பின்னரே அதன் தேய்மானத்தையும் விரிசலையும் காண முடியும்.

இவ்வளவு பரவலான வேலைக்குப் பட்டறைக் கணக்கில் தனித் தலைப்பு இருப்பது அரிது. கழுவும் திரவத்தின் விலை சில்லறைச் செலவில் அடங்கிவிடுகிறது. கழுவுபவர் பெரும்பாலும் புதிதாகச் சேர்ந்த இளைஞர். கழுவும் இடம் பின்வாசல். எந்தத் திரவம் ஏற்றது, எத்தகைய தொட்டி வேண்டும் என்னும் கேள்விகளை எவரும் எழுப்புவதில்லை. லிட்டருக்கு எது மலிவோ, அல்லது எது கைக்கெட்டும் தொலைவில் உள்ளதோ, அதுவே பயன்படுகிறது. இத்தகைய தேர்வினால் செலவு குறைவதில்லை என்பதையும், தீ விபத்துக்கும் நோய்க்கும் அது வழி திறந்துவிடுகிறது என்பதையும் சற்று விரிவாகக் காண்பது பயனுடையது.

மண்ணெண்ணெய் பழகிய விதம்

பல பத்தாண்டுக் காலம் மண்ணெண்ணெய், ஏழை எளியோரின் விளக்குக்கும் அடுப்புக்கும் உரிய எரிபொருள் என்ற காரணத்தால் பொது விநியோகத் திட்டத்தில் மானிய விலைக்கு வழங்கப்பட்டது. நீலச் சாயமிட்டு அடையாளப்படுத்தப்பட்ட அந்த எண்ணெயில் ஒரு பகுதி டீசலில் கலப்படம் செய்யப்படுவதற்கும், மற்றொரு பகுதி பட்டறைகளுக்கும் சென்றது யாவரும் அறிந்ததே. விலை குறைந்த உள்ளீடு தாராளமாகச் செலவிடப்படும் என்பது பொருளாதாரத்தின் பாலபாடம். இங்கும் அதுவே நிகழ்ந்தது. மலிவான மண்ணெண்ணெயைச் சுற்றி ஒரு வேலைமுறையே உருவாயிற்று: திறந்த தகரத் தட்டு, தேய்ந்த பிரஷ், வெறுங்கை, மாலையில் தட்டிலுள்ளதைத் தரையில் கவிழ்த்தல். ஆவியாகிப் போவதைத் தடுக்க ஒரு மூடி செய்வதற்கு ஆகும் செலவு, போன எண்ணெயின் மதிப்பைவிட அதிகமாகத் தோன்றிய காலம் அது.

அக்காலம் கடந்துவிட்டது. டெல்லி 2014-ஆம் ஆண்டிலேயே மண்ணெண்ணெய் இல்லாத நகரமாக அறிவிக்கப்பட்டது. சிறிது சிறிதாகக் குறைக்கப்பட்டு வந்த மானியமும் 2020-ஆம் ஆண்டையொட்டி இல்லாமற் போயிற்று. விலை மாறிய பின்னரும் வேலைமுறை மட்டும் மாறவில்லை. அதே திறந்த தட்டில் இப்போது டீசலோ பெட்ரோலோ ஊற்றப்படுகிறது. பெட்ரோல் மண்ணெண்ணெயைவிட மலிவானதன்று. எனினும் பழுதுக்கு வந்த வாகனத்தின் தொட்டியிலேயே அது கிடைப்பதால், பட்டறை உரிமையாளருக்கு அது விலையில்லாப் பொருளாகத் தோன்றுகிறது. அதன் உண்மையான விலையை யார் செலுத்துகிறார் என்பது பின்னர் தெளிவாகும்.

முதலில் அழுக்கை அறிதல்

எண்ணெய்ப் பிசுக்கு என்று ஒரே சொல்லால் குறிக்கப்படுவது உண்மையில் பல பொருள்களின் கலவை. ஒத்த இயல்புடையவை ஒன்றில் ஒன்று கரையும் என்பது பொது விதி. கனிம எண்ணெய், மண்ணெண்ணெயிலும் வண்ணத் தொழிலில் பயன்படும் கனிம டர்ப்பன்டைனிலும் எளிதிற் கரையும். கிரீஸ் அவ்வாறு முழுதும் கரைவதில்லை. எண்ணெயை ஓர் உலோகச் சோப்பினால் கெட்டியாக்கியதே கிரீஸ். கரைப்பான் எண்ணெயை எடுத்துக்கொள்ளும், சோப்புப் பகுதி களிபோல் எஞ்சும். அதனை நீக்கப் பிரஷின் உராய்வோ திரவத்தின் வேகமான ஓட்டமோ தேவை. எஞ்சினில் படியும் கரி எந்தச் சாதாரணக் கரைப்பானிலும் கரையாது. மெருகேற்றும் பசையில் கொழுப்பு அமிலமும் மெழுகும் தேய்ப்புத் துகளும் கலந்திருப்பதால், குளிர்ந்த மண்ணெண்ணெயில் எத்தனை முறை அலசினும் வெண்படலம் நீங்காது. மெழுகு உருகும் அளவுக்கு வெப்பமான காரக் கரைசலில் ஊறவைத்தால் அது தானே கழன்றுவிடும்.

தாவர எண்ணெயும் விலங்குக் கொழுப்பும் காரத்தோடு சேர்ந்து சோப்பாக மாறிவிடும். கனிம எண்ணெய் அவ்வாறு மாறாது. அதனைச் சிறு துளிகளாக்கி நீரில் மிதக்கச் செய்ய வேறு நுரைப்பொருள் சேர்க்கப்பட வேண்டும். வெறும் காஸ்டிக் சோடாக் கரைசலில் எஞ்சின் உறுப்பை இட்டு, எண்ணெய் போகவில்லை என்று குறைப்படுவோர் இந்த வேறுபாட்டைக் கவனிப்பதில்லை.

உலோகமும் அடுத்த வேலையும்

அழுக்கை அறிந்த பின் அது படிந்துள்ள பொருளை நோக்க வேண்டும். இரும்பும் எஃகும் காரத்தைத் தாங்கும். அலுமினியமும் துத்தநாகமும் தாங்கா. காஸ்டிக் சோடா அவற்றை அரித்து, எளிதில் தீப்பற்றும் ஹைட்ரஜன் வாயுவை வெளியேற்றும். கார்புரேட்டர் ஒன்றைக் காஸ்டிக் தொட்டியில் இரவு முழுதும் இட்டு வைத்தவர் காலையில் காண்பது சுத்தமான கார்புரேட்டரை அன்று.

பித்தளைக்கு அம்மோனியா பகை. இதற்கு இந்திய மண்ணிலேயே ஒரு பழைய சான்று உண்டு. ஆங்கிலேயர் காலத்துப் படையில், மழைக்காலத்தில் குதிரை லாயங்களில் வைக்கப்பட்டிருந்த பித்தளைத் தோட்டாக் கூடுகள் காரணமின்றி வெடித்துப் பிளந்தன. பருவத்தோடு தொடர்புபடுத்திப் பெயரிடப்பட்ட அவ்விரிசலின் காரணம் 1921-ஆம் ஆண்டில்தான் விளக்கம் பெற்றது. இழுத்தும் அழுத்தியும் உருவாக்கிய பித்தளையில் உள்ளடங்கிய இறுக்கமும், லாயத்துச் சிறுநீரிலிருந்து எழுந்த அம்மோனியாவும் சேர்ந்து அதனைப் பிளந்தன. அம்மோனியா கலந்த கழுவும் திரவத்தைப் பித்தளை உறுப்புகளுக்குப் பயன்படுத்துவோர்க்கு இச்செய்தி இன்றும் பொருந்தும்.

உலோகத்தோடு ரப்பரும் உண்டு. இயற்கை ரப்பர் மண்ணெண்ணெயில் ஊறிப் பருத்துவிடும். நைட்ரைல் ரப்பர் பெரிதும் தாங்கும். வாகனத்தின் பிரேக் சிலிண்டரில் உள்ள ரப்பர்ப் பகுதிகள் கனிம எண்ணெயைத் தாங்கா. ஆகவே அவற்றைப் புதிய பிரேக் திரவத்தாலோ ஆல்கஹாலாலோ மட்டுமே கழுவ வேண்டும். மண்ணெண்ணெயில் அலசிய பிரேக் சிலிண்டர் அன்று சரியாக இயங்கும். சில நாட்களில் பருத்த ரப்பர் இறுகிப் பிடித்துக்கொள்ளும். நுண்துளைகளில் எண்ணெய் ஊறவைத்த வெண்கல புஷ்களைக் கரைப்பானில் இடுவதும் தவறு. அவற்றின் ஆயுளுக்குரிய எண்ணெயே வெளியேறிவிடும்.

அடுத்து நடைபெறவிருக்கும் வேலை யாது என்பதும் தேர்வைத் தீர்மானிக்கிறது. பழுதுபார்த்துத் திரும்பவும் கிரீஸ் இடப்போகும் பேரிங்கிற்கு மண்ணெண்ணெய் விட்டுச்செல்லும் மெல்லிய படலத்தால் தீங்கில்லை. உடனே மெல்லிய எண்ணெயில் தோய்த்தால் துருவும் பிடிக்காது. நிக்கல், குரோமிய முலாமுக்குச் செல்லும் சைக்கிள் கைப்பிடிக் குழாய்க்கு அப்படலமே கேடு. முலாம் முதலில் பளபளக்கும். சில மாதங்களில் உரியும். இதனைக் கண்டறிய விலையுயர்ந்த கருவி எதுவும் வேண்டியதில்லை. கழுவிய உறுப்பைத் தூய நீரில் தோய்த்து எடுத்தால், பிசுக்கற்ற பரப்பில் நீர் உடையாத ஒரே படலமாக நிற்கும். பிசுக்குள்ள இடத்தில் படலம் உடைந்து துளிகளாகத் திரளும். அரை நிமிடத்தில் முடியும் இச்சோதனையை முலாம் பட்டறைகள் அனைத்தும் வழக்கமாகக் கொண்டால், திரும்பி வரும் சரக்கு பெருமளவு குறையும். மண்ணெண்ணெயில் மட்டும் கழுவிய எந்த உறுப்பும் இச்சோதனையில் தேறாது. முலாமுக்கு முன் காரக் கழுவல் இன்றியமையாதது.

தீயும் ஆவியும்

பெட்ரோலின் ஆவி ஏறத்தாழ சுழிக்குக் கீழ் 40 டிகிரி செல்சியஸிலேயே தீப்பொறி பட்டால் பற்றக்கூடியது. மண்ணெண்ணெய்க்கு இந்திய தரநிர்ணயம் குறிக்கும் குறைந்த அளவு 35 டிகிரி. இவ்வெண்ணைப் பார்த்து மண்ணெண்ணெய் ஆபத்தற்றது என்று முடிவுகட்டுவது குளிர்நாட்டு நூல்களில் பொருந்தலாம். மே மாதத்தில் லூதியானாவிலும் ராஜ்கோட்டிலும் தகரக் கூரையின் கீழ் வெப்பம் 40 டிகிரியைத் தாண்டுகிறது. அந்நேரத்தில் திறந்த தட்டிலுள்ள மண்ணெண்ணெயும் தீப்பற்றும் ஆவியைத் தரவல்லதே. கனிம டர்ப்பன்டைனின் சில வகைகள் இன்னும் குறைந்த வெப்பத்திலேயே அந்நிலையை அடையும். ஆகவே நம் நாட்டுப் பட்டறைகளுக்கு 60 டிகிரிக்கு மேற்பட்ட தீப்பற்று நிலை கொண்ட, நறுமணச் சேர்மங்கள் நீக்கப்பட்ட கரைப்பான்களே பொருத்தமானவை. அவற்றின் விலை கூடுதல். அவை மெதுவாகவே உலரும். ஆனால் அதே மெதுவான இயல்பினால் வீணாக ஆவியாவதும் குறைவு.

பெட்ரோலைப் பொறுத்தவரை ஒரு சிறு கணக்கே போதும். ஒரு லிட்டர் பெட்ரோல் முழுதும் ஆவியானால் ஏறத்தாழ 200 லிட்டர் ஆவி கிடைக்கும். காற்றில் அவ்வாவி 1.4 சதவீதம் கலந்தாலே வெடிக்கும் கலவையாகும். அதாவது ஒரு லிட்டர் பெட்ரோல், 8 அடி நீளமும் 8 அடி அகலமும் 8 அடி உயரமும் கொண்ட ஓர் அறை முழுவதையும் வெடிக்கும் நிலைக்குக் கொண்டுவரப் போதுமானது. இவ்வாவி காற்றைவிட மூன்று நான்கு மடங்கு கனமானதாகையால் மேலெழுந்து கலைவதில்லை. தரையோடு ஊர்ந்து, பல அடி தொலைவிலுள்ள சாணைக்கல்லின் பொறியையோ வெல்டிங்கின் சுடரையோ சென்றடைகிறது. தீ பின்னோக்கிப் பாய்ந்து தட்டுக்கு வரும். தட்டின் முன் அமர்ந்திருப்பவர் அவ்விளைஞர்.

1934-ஆம் ஆண்டின் பெட்ரோலியச் சட்டம், 23 டிகிரிக்குக் கீழ்ப்பட்ட தீப்பற்று நிலை கொண்டவற்றை முதல் வகுப்பாகவும், 23 முதல் 65 டிகிரிக்கு உட்பட்டவற்றை இரண்டாம் வகுப்பாகவும் பிரிக்கிறது. விற்பனைக்கல்லாத முதல் வகுப்புப் பொருளை உரிமமின்றி 30 லிட்டர் வரை வைத்திருக்க அச்சட்டம் இடமளிக்கிறது. உரிமம் வேண்டாம் என்பதற்கு ஆபத்தில்லை என்று பொருள் கொள்ளலாகாது. மேற்கூறிய கணக்கின்படி 30 லிட்டர் என்பது அத்தகைய 30 அறைகளுக்குப் போதும்.

தீயைத் தவிர நோயும் உண்டு. பெட்ரோலில் 1 சதவீதம் வரை பென்சீன் இருக்கலாம்; அது மனிதருக்குப் புற்றுநோய் விளைவிப்பதென நிறுவப்பட்ட பொருள். மண்ணெண்ணெய் தோலின் இயற்கைக் கொழுப்பை நீக்கி, வெடிப்பும் அரிப்பும் தரும். வாயால் குழாயில் உறிஞ்சி எண்ணெய் எடுக்கும் பழக்கம் எல்லாவற்றிலும் கொடியது. ஒரு மடக்கு நுரையீரலுக்குள் சென்றாலும் கடும் அழற்சி உண்டாகும். சில ரூபாய் விலையுள்ள கைப்பம்பு இதனை முற்றிலும் தவிர்த்துவிடும். இத்தீங்குகள் எவையும் பட்டறையின் செலவுப் புத்தகத்தில் ஏறுவதில்லை. மருத்துவச் செலவும் வேலையிழந்த நாட்களும் தொழிலாளியின் குடும்பத்தின் மீது விழுகின்றன. லிட்டருக்கு எது மலிவு என்ற கேள்வியில் விடுபட்டுப்போன விலை இதுதான்.

குளோரின் கரைப்பான்கள் தந்த அனுபவம்

தீப்பற்றாத கரைப்பான் வேண்டும் என்ற தேவை குளோரின் கலந்த கரைப்பான்களுக்கு இட்டுச்சென்றது. கார்பன் டெட்ராகுளோரைடு, டிரைகுளோரோஎத்திலீன், பெர்குளோரோஎத்திலீன் ஆகியவை கிரீஸை விரைந்து கரைக்கும், விரைந்து உலரும். ஆவியில் கழுவும் தொட்டி இவற்றுக்கெனவே அமைந்தது. அடியில் திரவம் கொதிக்கும். டிரைகுளோரோஎத்திலீன் 87 டிகிரியிலும் பெர்குளோரோஎத்திலீன் 121 டிகிரியிலும் கொதிப்பவை. மேல்விளிம்பில் சுற்றியுள்ள குளிர்நீர்க் குழாய் ஆவியைத் தொட்டிக்குள்ளேயே நிறுத்தும். குளிர்ந்த உறுப்பைத் தொங்கவிட்டால் அதன்மேல் தூய கரைப்பான் ஒடுங்கி வடிந்து, எண்ணெயைக் கொண்டு இறங்கும். ஒவ்வொரு முறையும் புதிதாய் வடித்த திரவமே உறுப்பைத் தொடுகிறது என்பது இம்முறையின் சிறப்பு.

ஆனால் கார்பன் டெட்ராகுளோரைடு ஈரலைத் தாக்கும் நஞ்சு. வானத்து ஓசோன் படலத்தையும் அழிப்பது. இந்தியா 1992-ஆம் ஆண்டில் மான்ட்ரியல் உடன்படிக்கையில் இணைந்தது. 2000-ஆம் ஆண்டில் அதற்குரிய விதிகள் வந்தன. 2010 ஜனவரி முதல் நாளன்று கழுவும் தொழிலில் அதன் பயன்பாடு முடிவுக்கு வந்தது. இதனைத் திட்டமிட்ட செயல்பாட்டுக்கு ஒரு நல்ல எடுத்துக்காட்டாகக் கருதலாம். எனினும் பல இடங்களில் அதற்கு மாற்றாக வந்தது டிரைகுளோரோஎத்திலீன். 2012-ஆம் ஆண்டில் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை அதனை மனிதருக்குப் புற்றுநோய் விளைவிக்கும் முதற் பிரிவில் சேர்த்தது. அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 2024 டிசம்பரில் அதனைத் தடை செய்யும் விதியை வெளியிட்டது. ஓசோனைக் காத்த மாற்றம் தொழிலாளியைக் காக்கவில்லை.

இத்தகைய இடமாற்றம் வேறு நாடுகளிலும் நிகழ்ந்தது. கலிபோர்னியாவில் குளோரின் கரைப்பான்களுக்கு மாற்றாக ஹெக்சேன் கலந்த பிரேக் கழுவும் திரவங்கள் வந்தன. 1999-2000 ஆண்டுகளில் அவற்றைத் தெளித்து வேலை செய்த வாகனத் தொழிலாளர் சிலருக்குக் கை கால் நரம்புகள் பாதிக்கப்பட்டது கண்டறியப்பட்டது. ஒரு பொருளை விலக்குமுன் அதனிடத்தில் வரப்போவது யாது என்று கேட்பது ஒழுங்குமுறை அலுவலரின் கடமை.

பட்டறைகள் அறியாத மற்றொன்றும் உண்டு. குளோரின் கரைப்பான் ஈரமாயிருக்கும் உறுப்பை வெல்டிங் செய்தால், அல்லது அதன் ஆவி வெல்டிங் ஒளியில் படுமாயின், போஸ்ஜீன் என்னும் நச்சு வாயு உண்டாகக்கூடும். முதல் உலகப் போரில் படைக்கருவியாகப் பயன்பட்ட வாயு அது. கழுவும் இடத்தையும் வெல்டிங் இடத்தையும் பிரித்து வைப்பதற்கு இக்காரணம் ஒன்றே போதும்.

தொட்டிகளின் கணக்கு

கரைப்பானைப் பற்றி இவ்வளவு ஆராய்ந்தபின், அதனை எத்தகைய அமைப்பில் பயன்படுத்துவது என்ற கேள்விக்கு வர வேண்டும். செலவைப் பொறுத்தவரை கரைப்பானின் விலையைவிட இதுவே முக்கியமானது. பின்வருவது ஓர் எடுத்துக்காட்டுக் கணக்கு. எண்கள் வசதிக்காகக் கொள்ளப்பட்டவை.

ஒரு தொட்டியில் 20 லிட்டர் கரைப்பான் உள்ளது. ஒவ்வொரு கூடை உறுப்பும் 40 மில்லிலிட்டர் எண்ணெயோடு வருகிறது. வெளியே எடுக்கும்போது 200 மில்லிலிட்டர் திரவம் அதனோடு ஒட்டிச் செல்கிறது. குறைந்த அளவுக்குப் புதிய கரைப்பான் ஊற்றித் தொட்டி நிரப்பப்படுகிறது. 50 கூடைகள் கழுவிய பின் தொட்டியில் எண்ணெய் ஏறத்தாழ 8 சதவீதமாகிவிடும். அப்போது எடுக்கும் கூடையோடு 16 மில்லிலிட்டர் எண்ணெய் திரும்பிச் செல்கிறது. கரைப்பான் உலர்ந்தபின் அது படலமாக நிற்கும். தொட்டியை ஒருபோதும் காலி செய்யாமல் குறைந்ததை மட்டும் நிரப்பி வந்தால் எண்ணெய் 20 சதவீதம் வரை ஏறி அங்கேயே நிலைபெறும். அந்நிலையில் கூடையோடு 40 மில்லிலிட்டர் வருகிறது, 40 மில்லிலிட்டர் போகிறது. உழைப்பும் கரைப்பானும் செலவாகின்றன. கழுவுதல் மட்டும் நடைபெறவில்லை. நாட்டின் பல பட்டறைகளில் ‘ஊற்றிக்கொண்டே இருந்தால் போதும்’ என்று இயங்கும் தொட்டிகள் இந்நிலையை நோக்கியே செல்பவை.

இனி, கூடையைத் தொட்டியின் மேல் சற்று நேரம் சாய்த்து வடியவிட்டு, ஒட்டிச் செல்லும் திரவத்தைப் பாதியாக, அதாவது 100 மில்லிலிட்டராகக் குறைப்பதாகக் கொள்வோம். 50-ஆவது கூடையோடு திரும்பும் எண்ணெய் 16-லிருந்து 9 மில்லிலிட்டராகக் குறையும். அந்த 50 கூடைகளுக்கும் புதிதாக ஊற்ற வேண்டிய கரைப்பான் 8 லிட்டரிலிருந்து 3 லிட்டராகக் குறையும். இதற்கு ஆகும் முதலீடு ஒரு கொக்கி மட்டுமே.

அடுத்து, இரண்டாவது தொட்டி ஒன்றில் தூய கரைப்பானை வைத்து, முதல் தொட்டியில் கழுவிய கூடையை அதிலும் அலசுவதாகக் கொள்வோம். நன்கு வடியவிடும் பழக்கத்தோடு இதுவும் சேர்ந்தால், 50-ஆவது கூடையோடு செல்லும் எண்ணெய் ஏறத்தாழ 1 மில்லிலிட்டரே. முதல் தொட்டி பயன்படாத நிலையை அடையும்போது அதன் கரைப்பானை வெளியேற்றி, இரண்டாவதில் உள்ளதை முதலாவதற்கு மாற்றி, புதியதை இரண்டாவதில் ஊற்றலாம். ஒவ்வொரு மாற்றத்திற்கும் வாங்க வேண்டியது முன்போலவே 20 லிட்டர்தான். இரண்டாம் தொட்டியின் செலவு ஒரே முறைக்கானது. தூய்மையின் பயன் ஒவ்வொரு கூடைக்கும் உரியது.

தொட்டியின் அமைப்பிலும் சில குறிப்புகள் உண்டு. அடியிலிருந்து ஒரு சாண் உயரத்தில் கம்பி வலைத் தட்டு ஒன்று பொருத்தினால், மணலும் உலோகத் துகளும் அதன் கீழே படியும். உறுப்புகள் அவ்வண்டலில் புரளா. அடித்தளம் ஒரு பக்கம் சாய்ந்து, அங்கே வடிகுழாய் இருத்தல் நன்று. மூடி கட்டாயம் வேண்டும். மூடியைத் தாங்கும் சங்கிலியில், வெப்பத்தில் உருகும் இணைப்பு ஒன்றைப் பொருத்தினால், தீப்பற்றிய உடன் இணைப்பு உருகி மூடி தானே விழுந்து தீயை அணைத்துவிடும். எரியும் எண்ணெயின் மீது தண்ணீர் ஊற்றலாகாது. நுரை அல்லது உலர்தூள் அணைப்பானும் மணல் வாளியும் அருகில் இருக்க வேண்டும். தொட்டி உலோகத்தால் ஆனதாயும் நிலத்தோடு மின்னிணைப்புப் பெற்றதாயும் இருத்தல் அவசியம். பிளாஸ்டிக் வாளியில் கரைப்பானைக் கொட்டும்போது எழும் நிலைமின்சாரமே தீப்பொறியாகக்கூடும். காற்றுப் போக்கிகளைக் கூரையருகே மட்டும் வைப்பதால் பயனில்லை. கனமான ஆவி வெளியேறத் தரைமட்டத்தில் திறப்பு வேண்டும். கையுறை நைட்ரைல் வகையாக இருக்கட்டும். அழுத்தக் காற்றினால் பேரிங்கைச் சுழலவிட்டு உலர்த்தும் விளையாட்டை அனுமதிக்கலாகாது. எண்ணெயின்றிச் சுழலும் பேரிங் கீறல்படும், சில வேளை சிதறவும் கூடும்.

வெந்நீரும் காரமும்

முலாமுக்கும் வண்ணத்திற்கும் செல்லும் எஃகு உறுப்புகளுக்கு வெந்நீர்க் காரக் கழுவலே பெரும்பாலும் தக்கது. சலவைச் சோடா, சோடியம் சிலிக்கேட், பாஸ்பேட், நுரைப்பொருள் ஆகியன கலந்த கரைசல் 60 முதல் 80 டிகிரி வெப்பத்தில் வேலை செய்யும். தீப்பற்றும் அச்சம் இல்லை; ஆவியின் நச்சும் இல்லை. எதிர்ப்பவர்கள் எரிபொருட் செலவைக் காட்டுகின்றனர். 100 லிட்டர் நீரை 30 டிகிரியிலிருந்து 70 டிகிரிக்குச் சூடாக்க ஏறத்தாழ 4.7 யூனிட் மின்சாரம் தேவை. சூரிய வெப்பச் சாதனம் 60 டிகிரி வரை சூடாக்கித் தருமாயின் எஞ்சிய தேவை 1.2 யூனிட் மட்டுமே. வெயிலுக்குப் பஞ்சமில்லாத நாட்டில் இது பெரிய தடையன்று. தொட்டியின் சுவர்களுக்கு வெப்பக் காப்பும் மேலே மூடியும் இல்லாவிடில் இக்கணக்கு பொய்த்துப்போகும் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

உண்மையான இடர்ப்பாடு வேறிடத்தில் உள்ளது. காரத்தில் கழுவியதை நல்ல நீரில் அலச வேண்டும். அலசிய எஃகு ஈரத்தோடு நின்றால் சில நிமிடங்களில் செந்துரு படியும். ஆகவே உடனே உலர்த்தவோ, துருத்தடுப்பில் தோய்க்கவோ, அடுத்த வேலைக்கு அனுப்பவோ வசதி இருத்தல் வேண்டும். கழிவுநீரிலுள்ள காரத்தைச் சமன்செய்து, மிதக்கும் எண்ணெயை வழித்தெடுத்த பின்னரே வெளியேற்ற வேண்டும். தனியொரு சிறு பட்டறைக்கு இது பாரமே.

கழிவும் கூட்டு வசதியும்

பயன்படுத்திய கரைப்பானை ஓரிரு நாள் மூடிய பீப்பாயில் அசையாமல் வைத்தால் வண்டல் அடியில் தங்கும். மேலுள்ள தெளிந்த பகுதியை முதல் தொட்டிக்கே மீண்டும் பயன்படுத்தலாம். வண்டலும் எண்ணெய் மிகுந்த கரைப்பானும் 2016-ஆம் ஆண்டின் அபாயகரமான கழிவு விதிகளுக்கு உட்பட்டவை. அங்கீகாரம் பெற்ற மறுசுழற்சியாளரிடம் மட்டுமே ஒப்படைக்கத்தக்கவை. பயன்படுத்திய எண்ணெய்க்கு உற்பத்தியாளர் பொறுப்பு முறை 2024 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. ஆனால் மாதம் பத்து லிட்டர் கழிவு சேரும் பட்டறையைத் தேடி எந்த மறுசுழற்சியாளரும் வருவதில்லை. விதி இருந்தும் பின்வாசல் மண் கறுப்பாகவே இருப்பதன் காரணம் அலட்சியம் மட்டுமன்று. அளவின் சிறுமையும் ஆகும்.

இவ்விடத்தில் குறு, சிறு தொழில்களுக்கான தொகுப்பு மேம்பாட்டுத் திட்டம் பயன்படும். அத்திட்டத்தின்கீழ் அமைக்கப்படும் பொதுவசதி மையங்களில் சோதனைக் கூடமும் கருவி அறையும் எளிதில் இடம் பெறுகின்றன. கழுவும் பிரிவு கேட்கப்படுவது அரிது, ஏனெனில் அது இயந்திரமாக எவர் கண்ணுக்கும் தோன்றுவதில்லை. முலாமுக்கு முந்திய காரக் கழுவல், நுண்ணிய துளைகளுள்ள உறுப்புகளுக்கு மீயொலித் தொட்டி, கரைப்பானை வடித்தெடுத்து மீட்கும் சிறு காய்ச்சி வடிப்பான், கழிவைச் சேர்க்கும் பீப்பாய்கள் ஆகிய நான்கும் ஒரே கூரையின் கீழ் அமைந்தால், பல பட்டறைகளின் சிறு கழிவுகள் ஒன்றுசேர்ந்து மறுசுழற்சியாளரின் வண்டி வரத்தக்க அளவை எட்டும்.

மையத்தில் கட்டணம் எவ்வாறு விதிப்பது என்பது திட்டம் வகுப்போர் முன்கூட்டியே முடிவு செய்ய வேண்டியது. கூடைக்கு இவ்வளவு என்று விதித்தால் மிகுந்த பிசுக்குள்ள உறுப்புகளே மையத்துக்கு வரும். எளியவை திறந்த தட்டிலேயே தொடரும். கொண்டுவரும் எடைக்கும் எண்ணெயின் அளவுக்கும் ஏற்பக் கட்டணம் இருந்தால், பட்டறையிலேயே வடியவிட்டுத் துடைத்துக் கொண்டுவரும் பழக்கம் தானே ஏற்படும். கழிவுக் கரைப்பானை ஒப்படைப்பதற்குக் கட்டணம் வாங்காமலிருப்பதும், மீட்ட கரைப்பானை ஒப்படைத்தவருக்கே குறைந்த விலைக்குத் தருவதும் நல்லது. மாவட்டத் தொழில் மையத்திலிருந்து ஆய்வுக்குச் செல்லும் அலுவலர், பட்டறையின் முன்புற இயந்திரங்களைப் பார்த்தபின் பின்வாசலுக்கும் செல்வாராயின், எத்தனை தொட்டிகள் உள்ளன, மூடி உண்டா, கரைப்பான் கடைசியாக என்று மாற்றப்பட்டது என்ற மூன்று கேள்விகளுக்கு விடை காண ஐந்து நிமிடங்கள் போதும்.